எல்லா வாசலிலும் வேப்பிலை

ருத்ரப்பா எங்கள் லைனுக்குள் காலை வைத்தவர், வைத்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

தோளில் தகரப் பெட்டி. அதற்குள் ஸ்பிரிட் விளக்கு, பஞ்சு, அம்மைப்பால் குப்பி. வீடு வீடாகப் போய் அம்மை குத்துவது அவர் உத்தியோகம். பெரியம்மை அல்சூர் பக்கம் பரவி, ஜோகுபாளையத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருக்கும்.

எங்கள் லைன் என்பது எதிரெதிராக இரண்டு வரிசை ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு குழாய். அன்று காலை அத்தனை வீட்டு நிலைப்படியிலும் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. வாசலில் வேப்பிலை இருந்தால் உள்ளே அம்மை கண்டவர் படுத்திருக்கிறார், மாரியம்மன் அந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள், வெளியாள் படியேறக் கூடாது என்று அர்த்தம். எந்த சர்க்கார் ஆர்டரும் அதைத் தாண்டாது.

"ஏனம்மா இது? எல்லா மனெயிலும் அம்மா வந்துட்டாங்களா? ஒரே ராத்திரியில?" என்று கேட்டார். கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசுவார், நடுநடுவே கன்னடம் எட்டிப் பார்க்கும்.

"இன்னா சாமி பண்றது, அவ இஸ்டம். வரணும்னா வரா," என்றாள் மூலைவீட்டு முனியம்மா. முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது.

அவர் பார்வை எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியது. எங்கள் நிலைக்கு மேலே மரச்சிலுவை. அதற்குக் கீழே வேப்பிலை.

"இங்கேயுமா?"

"அம்மா எல்லாருக்கும் பொதுதானே சார்," என்றார் என் கணவர் ஆரோக்கியசாமி. உள்ளே நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

ருத்ரப்பா செருப்பைக் கழற்றினார். எங்கள் வாசல்களைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு செருப்பை மாட்டியபடியே சொன்னார்: "இதுல பாதி சுள்ளு, எனக்கு கொத்து. எந்தப் பாதின்னுதான் தெரியல."

கன்னடத்தில் சுள்ளு என்றால் பொய், கொத்து என்றால் தெரியும். பாதி என்று சொன்னது அவருடைய பெரிய மனசு. அன்றைக்கு முழுக்க முழுக்கப் பொய்.

முனியம்மாவின் கட்சி

ஆரம்பித்து வைத்தவள் முனியம்மா. அவளை முட்டாள் என்று யாராவது நினைத்தால் தப்பு.

முந்தின தடவை அம்மை குத்தியபோது அவள் புருஷன் கன்னையனுக்குக் கை சீழ் பிடித்துத் தோள் வரைக்கும் வீங்கிவிட்டது. கன்னையன் தையல்காரர். மாசக்கணக்கில் மெஷின் பக்கம் போக முடியவில்லை. அந்தக் காலத்து அம்மை குத்தல் இப்போதைய ஊசி மாதிரி இல்லை. கம்பியின் நுனியில் வட்டமாக ஒரு தலை, அதைச் சுற்றி முள். தோளில் அம்மைப்பாலைத் தடவி, அதன்மேல் அந்தத் தலையை அழுத்தி ஒரு திருகு திருகுவார்கள். தோல் கிழிந்து ரத்தம் துளிர்க்கும். அப்புறம் காய்ச்சல், கொப்புளம், பொருக்கு. சாகும் வரைக்கும் தழும்பு.

"நல்லா இருந்த கைய கெடுத்துட்டு, நல்லதுக்குத்தான்னு சொல்றான். எனக்கு இன்னா நல்லது ஆச்சு, காட்டச் சொல்லு," என்பாள் முனியம்மா. அதற்கு எங்கள் லைனில் யாரிடமும் பதில் இல்லை. எனக்கும் இல்லை. நான் பத்தாவது பாஸ் செய்து ஆபீஸில் டைப் அடிக்கிறவள் என்று பெயர்தான்.

எங்கள் ஆபீஸில் சில பெண்களுடைய கவலை வேறு மாதிரி. கையில்லாத ரவிக்கை போட ஆசைப்பட்டவர்கள் தழும்பைத் தொடையில் வாங்கிக்கொண்டார்கள். தொடையில் குத்திக்கொண்டு ஒரு வாரம் விந்தி விந்தி நடந்த ஒருத்தியை மேனேஜர், வண்டியில் அடிபட்டாயா என்று விசாரித்தார். அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

ஸ்டெல்லாவின் தோல்

எங்கள் வீட்டு வேப்பிலைக்குக் காரணம் என் மகள் ஸ்டெல்லா. அப்போதுதான் நிற்கப் பழகியிருந்தாள். பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து கரப்பான். கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்னால் எல்லாம் சிவந்து, நீர் கசிந்து, அரிப்பு. ராத்திரி முழுக்கச் சொறிவாள். புங்க எண்ணெய் தடவித் தடவி என் புடவையெல்லாம் அந்த வாடைதான்.

சர்ச் பக்கத்து டிஸ்பென்சரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். மங்களூர்க்காரர், கறாரானவர். அவர் எங்களிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "இந்தத் தோலோட இவளுக்கு அம்மை குத்தக் கூடாது. குத்தின இடத்துப் பால் கரப்பான்ல பட்டா உடம்பு பூரா பரவும். உயிருக்கே ஆபத்து. நீங்க ரெண்டு பேரும் இப்போ குத்திக்க வேண்டாம். உங்க கைப்புண்ணே இவளுக்குப் போதும்."

இதை ருத்ரப்பாவிடம் சொன்னால் கேட்பாரா? யாரையும் விடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவாம், லைனில் பேச்சு. அந்த நேரத்தில் முனியம்மா ஒரு கட்டு வேப்பிலையோடு வந்தாள். என் கணவர் ஒரு கொத்தை வாங்கி நிலையில் செருகிவிட்டார். செபஸ்தியார் கோபிக்க மாட்டார் என்று என்னிடம் சமாதானம் வேறு சொன்னார். எங்கள் ஆட்கள் அம்மைக்கு வேண்டிக்கொள்வது செபஸ்தியாரிடம். ஆனால் செபஸ்தியாரின் பேரைச் சொல்லி ருத்ரப்பாவை வாசலில் நிறுத்த முடியாது. மாரியம்மாவால்தான் முடியும்.

நிஜமாகவே அம்மை வந்த வீடு

நிஜத்தில் அம்மை கண்ட வீட்டுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

தாளிக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது. தலை வாரக் கூடாது. வண்ணானுக்குத் துணி போடக் கூடாது. நோய் என்ற வார்த்தையை எடுக்கவே கூடாது. கொப்புளத்துக்கு முத்து என்று பேர். எத்தனை முத்து, எந்தெந்த நாள் என்று பேசக் கூடாது. கணக்குப் பார்த்தால் அம்மாவுக்குக் கோபம் வரும். அக்கம்பக்கத்தாருக்கு வாயால் சொல்வதும் இல்லை. வாசலில் இருக்கிற வேப்பிலை சொல்லும், பார்த்தவர்கள் ஒதுங்கிப் போவார்கள்.

எங்கள் லைனில் அந்த வேப்பிலையைத்தான் நாங்கள் கெடுத்து வைத்திருந்தோம். கொஞ்ச நாளிலேயே பழகிவிட்டது. கொத்துக்கு அடியில் குனிந்து போய் உப்பு கேட்டோம், கரி கேட்டோம், உட்கார்ந்து ஊர்க்கதை பேசினோம்.

பக்கத்து வீட்டில் சரோஜா. என்னைவிடச் சின்னவள், கல்யாணமாகி இரண்டு வருஷம், பிள்ளை இல்லை. அவள் புருஷன் குதிரைவண்டி ஓட்டினார். கூடவே மாமியார். நான் ஆபீஸ் போகும்போது ஸ்டெல்லாவை சரோஜாவிடம்தான் விட்டுப் போவேன். கரப்பான் பிள்ளை என்று மற்றவர்கள் தொடத் தயங்கினார்கள். சரோஜா மடியிலேயே வைத்திருப்பாள். ஸ்டெல்லா சொறியாமல் தூங்கியது அவள் மடியில் மட்டும்தான். பெற்றவள் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

கடுகு வெடிக்கவில்லை

சரோஜாவின் கொழுந்தன் மணி கோலார் தங்கவயலில் வேலையில் இருந்தான். ஒரு நாள் காய்ச்சலோடு ரயிலேறி வந்து படுத்தான். காய்ச்சல் யாருக்குத்தான் வராது. அந்த வாரம் சனிக்கிழமை வரைக்கும் ஸ்டெல்லா வழக்கம்போல அந்த வீட்டில்தான் இருந்தாள். ஞாயிறு எனக்கு லீவு.

திங்கட்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். சரோஜா கையை நீட்டவில்லை. படியில் குறுக்கே நின்றாள்.

"இன்னிக்கு வேணாங்கா."

"ஏன்டி, உடம்பு சரியில்லையா?"

கண்ணை மட்டும் வேப்பிலைப் பக்கம் காட்டினாள்.

"இது என்ன நாடகம்? எல்லாரும் சேர்ந்து கட்டினதுதானே!" என்று சிரித்தேன். எனக்கு ஆபீஸ் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன், அவள் தலை வாரவில்லை. லைனில் எல்லா வீட்டிலும் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது, சமையல் நேரம். சரோஜா வீட்டிலிருந்து ஒரு வாசனையும் வரவில்லை. அடுப்பு எரிகிறது, புகை வருகிறது, தாளிப்பு இல்லை.

ஆபீஸும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று குழந்தையோடு டிஸ்பென்சரிக்கு ஓடினேன்.

நேற்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று

டாக்டரம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "உடனே அம்மை குத்தணும்," என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "நீங்கதானே கூடாதுன்னீங்க? உயிருக்கு ஆபத்துன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அன்னிக்குச் சொன்னது அன்னிக்கு சரி. அன்னிக்கு நோய் தெருவுல இருந்துச்சு. இப்போ இவ அது பக்கத்துல உக்காந்துட்டு வந்திருக்கா. குத்தினா பரவலாம், பரவாமலும் போகலாம். குத்தாம விட்டு, இந்தத் தோல்ல பெரியம்மை வந்தா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது பிலோமினா."

அப்புறம் இன்னொன்று சொன்னார். முத்து போட்ட மூன்று நான்கு நாளைக்குள் என்றால் குத்துவதில் அர்த்தம் உண்டு. நாள் தாண்டிவிட்டால் குத்தியும் உபயோகம் இல்லை, கரப்பான் குழந்தைக்கு வீணாக இரண்டாவது ஆபத்தை ஏன் சேர்க்க வேண்டும்? "அந்த பையனுக்கு முதல் முத்து என்னிக்கு போட்டுச்சுன்னு கேட்டுட்டு வா. ஊகம் வேண்டாம்."

அதை எப்படிக் கேட்பது? அம்மா இருக்கிற வீட்டில் நாள் கேட்பதா?

குழாயடியில்

சரோஜா தண்ணீர் பிடிக்க வெளியே வந்தே ஆக வேண்டும். குழாயடியில் காத்திருந்தேன். குடத்தோடு வந்தவள் என்னைப் பார்த்ததும் தள்ளி நின்றாள். வாசலில் மாமியார்.

"சரோஜா, மணிக்கு என்னிக்கு போட்டுச்சு?"

"அக்கா, அதெல்லாம் கேக்கக் கூடாதுக்கா."

"தெரியும். கேட்கிறேன். ஸ்டெல்லாவுக்குக் குத்தறதா வேணாமான்னு அதை வெச்சுத்தான்."

வாசலிலிருந்து மாமியார் குரல் வந்தது: "வாய மூடிக்கினு உள்ள வாடி! நாளு கணக்கு சொல்லி குடும்பத்த நாசம் பண்ணாத!"

சரோஜா குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள். அவளுக்கு அது வெறும் சாங்கியம் இல்லை. சொன்னால் உள்ளே படுத்திருக்கிறவன் செத்துப்போவான் என்று முழுசாக நம்பினாள்.

"சனிக்கெழம காலையில," என்றாள். "நெத்தியில ரெண்டு, மூக்குல ஒண்ணு. கொசு கடிச்சதுன்னு நெனச்சோம். பாப்பா அப்ப அவன் பாய் மேலதான் வெளாடிக்கினு இருந்தா." சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். வாசலைத் தாண்டும்போது மாமியார் அவள் முதுகில் ஓங்கி வைத்த சத்தம் எனக்குக் கேட்டது.

ருத்ரப்பா முடியாது என்றார்

அம்மைப்பால் டிஸ்பென்சரியில் இல்லை. ருத்ரப்பாவிடம்தான் இருந்தது. என் கணவர் மில்லுக்குப் போகாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு அல்சூர் முழுக்கத் தேடி, ஒரு வழியாகச் சாயங்காலம் கூட்டிவந்தார். டாக்டரம்மாவும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

ருத்ரப்பா ஸ்டெல்லாவின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். பெட்டியை மூடிவிட்டார்.

"இந்தக் கூசுக்கு நான் குத்த மாட்டேன். இப்படிக் கஜ்ஜி இருந்தா குத்த வேண்டாம்னு எனக்கு ஆர்டரே இருக்கு. அன்னிக்கே வாசல்ல வந்து காட்டியிருந்தா, விட்டுட்டு அடுத்த மனெக்குப் போயிருப்பேனே?"

அதாவது, எங்கள் வேப்பிலைக்கு அவசியமே இருந்திருக்கவில்லை. நாங்கள் செருகாமல் விட்டிருந்தால் பக்கத்து வீடுகளும் விட்டிருக்கலாம், அவர்களுக்கு அன்றே குத்தியிருப்பார். சரோஜாவுக்கும் குத்தியிருப்பார். எனக்குக் கோபம் வந்தது. ருத்ரப்பா மேல்தான். வேறு யார் மேல் வந்தாலும் அது எங்கள் வீட்டுக்குள் வந்து நிற்கும்.

"குப்பியைக் கொடுங்க, நான் குத்தறேன். பொறுப்பு என்னோடது," என்றார் டாக்டரம்மா. பிறகு என்னைப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் சொல்லிட்டேன். அம்மா நீதான்."

கணவரைப் பார்த்தேன். "நீ சொல்லு பிலோ," என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். இப்படி முக்கியமான இடத்தில் குனிந்துகொள்வதில் அவர் கெட்டிக்காரர்.

பயமாக இருந்தது. என் கையால் பிள்ளையைக் கொல்லப்போகிறேனோ என்ற பயம். சும்மா இருந்து கொல்வதைவிட இது எந்த விதத்தில் மேல் என்றும் விளங்கவில்லை. "குத்துங்க," என்றேன்.

திருகவில்லை. கரப்பான் இல்லாத இடமாகப் பார்த்து, ஊசி முனையால் லேசாக ஒரு கீறல். அதன்மேல் கட்டு. அப்புறம் எனக்கும் என் கணவருக்கும் குத்தினார்கள்.

வெளியே வந்தால் லைன் முழுக்க வரிசையில் நிற்கிறது. சரோஜா வீட்டு வேப்பிலை நிஜம் என்ற சேதி பரவியிருந்தது. வரிசையில் முதல் ஆள் யாரென்றால் முனியம்மா. கன்னையன் தன் இன்னொரு கையை நீட்டிக்கொண்டு முணுமுணுத்தார்: "இந்தக் கையும் போச்சுன்னா பல்லாலதான் தைக்கணும்."

சரோஜா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரவிக்கைக் கையை மேலே சுருட்டி விட்டிருந்தாள்.

"வாடி, ஒரு நிமிஷம்தான்," என்று கூப்பிட்டேன்.

"அம்மா இருக்கற வூட்டு ஆளு மேல இரும்பு படக் கூடாது!" என்றது உள்ளேயிருந்து மாமியார் குரல். ருத்ரப்பா கெஞ்சினார். டாக்டரம்மா அதட்டினார். காலையில் நாளைச் சொல்லி அம்மாவை ஒரு தடவை மீறிவிட்டவள், சாயங்காலம் இன்னொரு தடவை மீற தைரியம் இல்லாமல் சுருட்டின கையை இறக்கி விட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

லாபமும் நஷ்டமும்

டாக்டரம்மா பயந்தது நடந்தது. ஸ்டெல்லாவின் கழுத்திலும் முழங்கையிலும் கொப்புளங்கள் பரவின. நெருப்பாகக் காய்ச்சல். சொறியக் கூடாதென்று பழைய வேட்டியைக் கிழித்துக் கைக்குப் பை தைத்துக் கட்டினோம். தைத்துக் கொடுத்தது கன்னையன். தொண்டை அடைக்கிற வரைக்கும் கத்துவாள். குத்தச் சொன்ன டாக்டரைத் திட்டினேன், பால் கொடுத்த ருத்ரப்பாவைத் திட்டினேன், செபஸ்தியாரையும் விடவில்லை. பிறகு ஒரு நாள் காய்ச்சல் விட்டது. கொப்புளங்கள் காய்ந்தன. கழுத்தில் தழும்பு நின்றுவிட்டது.

பெரியம்மை அவளுக்கு வரவில்லை. லைனில் வேறு யாருக்கும் வரவில்லை. ருத்ரப்பாவா, மாரியம்மாவா என்று குழாயடியில் வருஷக்கணக்கில் சண்டை நடந்தது.

மணி பிழைத்துக்கொண்டான். அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குள் சரோஜா படுத்தாள். அவள் நாளைச் சொன்னதால்தான் என்றாள் மாமியார். எழுந்து வந்தபோது முகம் முழுக்கக் குழி. வலது கண் வெள்ளையாகிவிட்டது. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும். நான் அழுதேன். அவள், "பாப்பா எப்படி இருக்குது?" என்று கேட்டாள்.

ஊசி என்றாலே அமிர்தம் என்கிறவர்களும் விஷம் என்கிறவர்களும் இன்றைக்கும் என்னிடம் வாதாடுகிறார்கள். இரண்டு பேரிடமும் எனக்குப் பேச்சு ஒத்துவருவதில்லை. குத்தியதால் வந்த கெடுதல் என் மகளின் கழுத்தில் இருக்கிறது, யாருக்கும் காட்டலாம். குத்தியதால் வந்த நன்மையை எங்கே போய்க் காட்டுவது?

கழுத்து

ஸ்டெல்லா வளர்ந்து டீச்சராகி, வரன் பார்க்க ஆரம்பித்த வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடித்தபடியே ஸ்டெல்லாவின் கழுத்தைப் பார்த்தார். "இது என்ன, தோல் வியாதியா?" என்றார். நான் விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இறுகியது. அவர்கள் மறுபடி வரவில்லை.

அன்று மத்தியானம் ஸ்டெல்லா என்மேல் பாய்ந்தாள். "உங்களை யார் குத்தச் சொன்னது? எனக்கு அம்மை வராமலே போயிருக்கலாம் இல்ல? வந்திருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாதுதான். வராமல் போயிருக்கலாம். டம்ளர்களைக் கழுவினேன். அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

சரோஜா அன்று எங்கள் வீட்டில் இருந்தாள். அப்போது அவர்கள் மல்லேஸ்வரம் பக்கம் குடிபோய்விட்டார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று நான்தான் ஆள் அனுப்பி அழைத்திருந்தேன். உள்ளறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், சுவரைத் தடவியபடி வெளியே வந்தாள்.

"கிட்ட வா கண்ணு. எங்க இருக்குது, பாக்கறேன்."

சரோஜா பார்ப்பது விரலால்தான். ஸ்டெல்லாவின் காதுக்குக் கீழே ஆரம்பித்து, தொண்டைக்குழி வரைக்கும் தடவினாள். திரும்பவும் மேலிருந்து தடவினாள். கழுத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள்.

"எங்கடி? காணோமே?"

ஸ்டெல்லா அழுகையை நிறுத்திவிட்டு, அவளுடைய விரலைப் பிடித்துத் தழும்பின்மேல் வைத்தாள். "இங்க சித்தி."

சரோஜாவின் விரல் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு தன் கன்னத்துக்குப் போனது. மறுபடியும் ஸ்டெல்லாவின் கழுத்துக்கு வந்தது.

"இதா?" என்றாள். "இதுக்கா அழுவுற?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.